மறுகாலில் கட்டிய வலை

என் தம்பி மீன்பாசிக் குத்தகை எடுத்த வருஷம், குளத்தில் தண்ணீர் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. சீவலப்பேரிக்குப் போகும் டவுன் பஸ் அந்தக் குளத்துக்கரை மேலேறித்தான் போகும். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு அதுதான் பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போவேன். ஆசையாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கம் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

தம்பி அதற்கு முன்பு அரபு நாட்டில், தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். முதுகுத்தண்டு கோளாறாகி ஊருக்குத் திரும்பியவன், கொஞ்ச காலம் சும்மா இருந்தான். சும்மா இருக்கிற ஆணைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரு யோசனை தோன்றிவிடும். ஆட்டோ வாங்கு என்றார்கள், பிரியாணிக் கடை போடு என்றார்கள். எதற்கும் அவன் பிடி கொடுக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் வந்து, குளத்தை ஏலத்தில் எடுத்துவிட்டேன் என்றான்.

அவன் பெண்டாட்டி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"மீனைப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"அங்கன மணலுக்குள்ள தண்ணி கொண்டு போனேன்லா. இங்கன தண்ணி இருக்க எடத்துக்கு நான் போகுதேன். அவ்வளவுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்த வீட்டில் மூத்தவள், அவனுக்கு லாத்தா, அவளுக்கு மதினி, கல்யாணம் செய்துகொள்ளாதவள், கணக்கு டீச்சர். ஒரு கருத்துச் சொல்வேன் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டு முடிந்த விஷயத்தில் கருத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நான் உள்ளே போய்விட்டேன்.

குளத்தில் குஞ்சு விட்டு வளர்த்து மீன் பிடித்துக்கொள்ளும் உரிமைதான் மீன்பாசிக் குத்தகை. தண்ணீர் கீழே வயல் வைத்திருக்கிற விவசாயிகளுக்கு. மீன் குத்தகைக்காரருக்கு. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் வருகிற சச்சரவு எங்கள் பக்கத்தில் எல்லாக் குளத்திலும் உண்டு. எங்கள் குளத்து விவசாயிகளுக்குப் பொறுப்பாக ஓர் அண்ணாச்சி இருந்தார். அதிகம் பேச மாட்டார். தம்பி முதல்முதலில் குஞ்சு விட்ட அன்று கரையில் நின்று பார்த்துவிட்டு, "கோடையில தண்ணி வத்தும்போது மடையை அடைக்கச் சொல்லி எங்கிட்ட வந்து நிக்கப்படாது, என்ன?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

கட்லா, ரோகு, மிர்கால் என்று குஞ்சுகள் விட்டான். வேலைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மீன்காரரைச் சேர்த்துக்கொண்டான். ஐம்பதைத் தாண்டிய ஆள். தெர்மாகோல் பலகைகளைச் சாக்கில் வைத்துக் கட்டி, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் துழாவியே குளத்தைச் சுற்றி வந்துவிடுவார்.

ஐப்பசியில் கால்வாயில் புதுத் தண்ணீர் வந்தபோது அமலையும் கூட வந்தது. ஆகாயத்தாமரை என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்கள். எங்களுக்கு அது அமலை. ஆற்றில் அது எப்போதும் உண்டு என்பதால் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஊதா நிறத்தில், நடுவில் மயில் கண் மாதிரி ஒரு மஞ்சள் புள்ளியோடு பூக்கும். என் வகுப்புப் பெண்கள் அந்தப் பூவைப் பறித்து வந்து மேசைமேல் தண்ணீர் பாட்டிலில் செருகி வைத்தார்கள். மத்தியானத்துக்குள் துவண்டுவிட்டது.

தை பிறந்தபோது கரையோரமாக சேலைக்குப் பச்சைக் கரை வைத்தது போல இருந்தது. பங்குனியில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் பாதிக் குளம் பச்சை. வெளியூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த வெயிலிலும் பயிர் எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்றார். நான் ஆமாம் என்றேன்.

அதற்கு முன்பே, மாசியில், மீன் எந்த அளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு தடவை வலை இழுத்தார்கள். அன்று விடுமுறை என்பதால் நானும் போயிருந்தேன். வலை கரைக்கு வரும்போதே கனமாக இருந்தது. தம்பியின் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. கரையில் விரித்தபோது கட்லாக் குஞ்சுகளுக்கு நடுவே கறுப்பாக, முதுகெல்லாம் ஓடு பதித்தது போல, புலிக்கோடு போட்ட மீன்கள் ஏராளமாகக் கிடந்தன. துள்ளவே இல்லை. முள் போன்ற துடுப்புகளை விரித்து வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டு அப்படியே கிடந்தன.

"டேங்க் கிளீனர் மொதலாளி," என்றார் மீன்காரர். "ஆத்துல கெடக்குன்னு சொன்னாவ. இங்கனயும் வந்துட்டு."

எனக்கு அந்த மீனைத் தெரியும். பாளையங்கோட்டையில் நான் போகிற பல் டாக்டரின் கண்ணாடித் தொட்டியில், விரல் நீளத்தில் ஒன்று, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்றுகொண்டிருக்கும். பல் வலியோடு காத்திருக்கிறவர்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பொழுது. இங்கே கிடந்தது முழங்கை நீளம். வளர்ந்து பெரிதானதும் தொட்டியில் வைத்துக்கொள்ள முடியாமல் எவரோ எங்கேயோ தண்ணீரில் விட்டிருப்பார்கள். அது யார், எந்த ஊர் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

ஒவ்வொன்றையும் வலையைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதை யாரும் தின்பதில்லை. ஓட்டை உடைத்தால் உள்ளே கறி என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. கரையில் வீசினார்கள். காகம் வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போதும் அவை உயிரோடுதான் இருந்தன.

"நம்ம மீனுல ஒரு விரால் இல்ல, ஒரு உளுவை இல்ல. பாத்தீயளா?" என்று மீன்காரர் கேட்டார். நாங்கள் சின்ன வயதில் விரும்பித் தின்ற ஜிலேபி மீன் கொஞ்சம் இருந்தது. அதுவும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான் என்று நான் பின்னால்தான் படித்தேன். எங்கள் தெருவில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சொன்னாலும் குழம்பு ருசி மாறப்போவதில்லை.

கோடையில் வலை போட்டு மீனைப் பிடித்திருக்க வேண்டும். அமலை விடவில்லை. வலையை எங்கே போட்டாலும் வேர்க்கொத்தில் சிக்கியது. விடிகாலையில் மீன்கள் செடிகளுக்கு நடுவே கிடைத்த சந்துகளில் வாயை மேலே தூக்கிக்கொண்டு நின்றன. சில செத்து மிதந்தன. தம்பி ஆட்களை வைத்து அமலையை இழுத்துக் கரையில் போட்டான். போட்ட இடத்தில் அது காய்ந்தது. இழுத்த இடத்தில் பதினைந்து நாளில் மூடிக்கொண்டது.  அவன் பெண்டாட்டி சாப்பாடு போடும்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்ப்பாள்.

ஆனி மாதம் மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கிவிட்டால் எங்கள் பக்கம் சைக்கிள்கூட மிதிக்க முடியாது. அப்படி ஒரு நாளில் மீன்காரர் குளத்துக்குள் மாட்டிக்கொண்டார். காலையில் நடுக்குளத்தில் தண்ணீர் திறந்திருந்ததைப் பார்த்துத் சின்ன வலை போடப் போயிருக்கிறார். வெயில் ஏற ஏறக் காற்று வலுத்து, மேற்குப் பக்கமிருந்த அமலை மொத்தமும் நகர்ந்து வந்து அவரைச் சுற்றி மூடிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வந்த நான், கரையில் கூட்டத்தைப் பார்த்து இறங்கினேன். பச்சைக்கு நடுவே ஒரு துண்டு கட்டிய தலை மட்டும் தெரிந்தது.

தம்பி தண்ணீரில் இறங்கிப் பார்த்திருக்கிறான். கழுத்தளவு வந்ததும் வேர்கள் காலைப் பின்னிக்கொள்ள, அவனை இரண்டு பேர் இழுத்து மேலே கொண்டுவந்திருந்தார்கள். ஈரத்தோடு நின்று கத்தினான்.

"தீயணைப்புக்குச் சொல்லட்டுமா?"

அவர் பதில் காற்றில் விட்டுவிட்டு வந்தது. "அவங்க வந்து என்ன செய்வாவ? தண்ணியா இருந்தா வரலாம், தரையா இருந்தா நடக்கலாம். காத்து அடங்கட்டும் மொதலாளி. பைய வாரேன்."

அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை பீடி பற்ற வைக்கப் பார்த்தார், காற்று விடவில்லை. பொழுது சாய்ந்து காற்று தணிந்தபோது அமலை தளர்ந்து கொடுத்தது. கைகளால் செடியை விலக்கி விலக்கி வந்து சேர்ந்தார். உள்ளங்கை இரண்டும் வெந்தது போலச் சிவந்திருந்தன. கரையேறியதும் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "உள்ள இருந்து பாத்தா கரை எங்கன இருக்குன்னே தெரியலை. எல்லாம் ஒண்ணு போல கெடக்கு," என்றார்.

அன்றைக்கு வீட்டில் தம்பி வெகுநேரம் கை கழுவினான்.

"ஒரு ஆளைக் கொன்னிருப்பேன் லாத்தா."

"ஒண்ணும் ஆகலைல்லா."

"ஆகியிருக்கும்."



ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேற மறுகால் உண்டு. வரிசையாகக் கல்தூண்கள் நட்ட இடம். அந்தத் தூண்களுக்கு இடையே, வளர்ந்த மீன் தண்ணீரோடு போய்விடாமல் இருக்க, தம்பி வலை கட்டினான். எல்லாக் குத்தகைக்காரர்களும் செய்வதுதான். அண்ணாச்சி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, மத்த வருஷம் மாதிரி இல்ல இது. அமலை பூரா இங்கன வந்துதான் அடையும். வலையை எடுத்துரு."

"மீன் போயிருமே அண்ணாச்சி. தையில பிடிச்சிருவேன். மழை வலுத்தா நானே எடுத்துருதேன்."

அவர் வலையை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் எனக்குப் பட்டது.

கார்த்திகையில் மழை வலுத்தது. வலுத்தது என்று தெரிவதற்குள் குளம் நிறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். விடியும் முன்பே போன தம்பி காலைச் சாப்பாட்டுக்கு வராததால், தூக்குவாளியில் கஞ்சியும் குடையும் எடுத்துக்கொண்டு நான் போனேன்.

மறுகாலில் தண்ணீர் போகவே இல்லை. வலைக்குப் பின்னால் அமலை ஆள் உயரத்துக்கு அடைந்து நின்றது. அதன் மேல் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. கரையில் தாழ்ந்த ஓர் இடத்தில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கீழே நட்டு முடித்த பிசானப் பருவத்து நெல் நடவு, அதற்கு அப்பால் வீடுகள். கரை ஏற்கெனவே பொத்தலாகத்தான் இருந்தது. அந்தக் கறுப்பு மீன் கரையோரம் குடைந்து குழி வைத்திருப்பதை விவசாயிகள் ஆடியிலேயே கண்டிருந்தார்கள். தண்ணீர் மண்மூட்டையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் இருபது முப்பது பேர் இருப்பார்கள். தம்பியும் மீன்காரரும் ஒரு பக்கம். மற்ற எல்லோரும் இன்னொரு பக்கம். அண்ணாச்சி மலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. ஒருவன் கையில் அரிவாளோடு முன்னால் வந்தான்.

"சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அறுத்துப் போடுதேன்."

"சும்மா கெட."

பின்னாலிருந்து யாரோ, எங்கள் முஸ்லிம் ஆட்களைப் பற்றி, காதில் விழும்படியாக ஒரு வார்த்தை சொன்னார்கள். அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். திரும்ப அது கேட்கவில்லை. அவர் அந்த அரிவாளை வாங்கி, பிடியை முன்னால் நீட்டித் தம்பியிடம் கொடுத்தார்.

"நாங்க அறுத்தா நாளைக்கு இது வேற பேச்சாப் போயிரும். அது வேண்டாம், பாத்துக்க. நீ கட்டின வலை. நீயே அறு."

தம்பி அரிவாளை வாங்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான்.

"ஒரு வருஷத்து மீன் அண்ணாச்சி."

"தெரியும்."

மழை பெய்துகொண்டிருந்தது. நான் தூக்குவாளியோடு நின்றேன். அவன் என் பக்கம் பார்க்கவில்லை.  வலையை அறுத்தே ஆக வேண்டும் என்று எல்லோரையும்விட அவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டான். மறு முனையை மீன்காரரும், அரிவாளோடு வந்த அதே ஆளும் பிடித்துக்கொண்டார்கள். தூண் தூணாகப் பிடித்துக்கொண்டு போய் மேல் கயிற்றை அறுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. அமலை அசையாமல் நின்றது. அடுத்த தூணுக்குப் போனான். மூன்றாவது கயிறு அறுந்ததும், லாரியிலிருந்து மணலைத் தட்டினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். செடி மொத்தமும் புரண்டு வெளியே போனது. அதன் பின்னால் பழுப்புத் தண்ணீர். தண்ணீருக்குள்ளே வெள்ளையாக, முதுகும் வயிறுமாக, மீன். தம்பி கல்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அவனை இழுத்து மேலே கொண்டுவந்தபோது காலெல்லாம் கீறல். அரிவாளை மறக்காமல் கொண்டுவந்து அண்ணாச்சியிடம் கொடுத்தான். கஞ்சியைக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தான்.

கீழே ஓடையில் மீன் பிடிக்காத ஆள் அன்று இல்லை. சேலையை விரித்துப் பிடித்தார்கள், கொசுவலையில் பிடித்தார்கள். சுற்று வட்டாரத்தில் மாலை போடாத வீடுகளிலெல்லாம் அன்று மீன் குழம்பு வாசம்.

சாயங்காலம் மழை வெறித்தபோது எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அண்ணாச்சி. வண்டியில் ஒரு பிளாஸ்டிக் வாளி தொங்கியது. தம்பியின் பெண்டாட்டி முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"நான் தொடப்படாது. நீயே எடுத்துக்கம்மா. பயலுவ பிடிச்சதுல நல்லதாப் பாத்துப் போடச் சொன்னேன்."

வாளியில் கட்லா இரண்டு, வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க அண்ணாச்சி. டீ போடுதேன்."

"விரதம்மா. மலைக்குப் போயிட்டு வந்து குடிக்கேன்."

அவர் போனதும் அவள் வாளியோடு என்னைப் பார்த்தாள். "மதினி, இதை என்ன செய்ய?" குழம்பு வை என்றேன். அவன் தொடமாட்டான் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அவன் வந்து உட்கார்ந்து, இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "நல்லாத்தான் வளந்திருக்கு," என்றான். அப்போதுதான் அவள் அழுதாள், அடுப்பங்கரைக்குப் போய், சத்தமில்லாமல்.

அடுத்த கோடையில் குளம் வற்றியது. நல்ல மீன் எதுவும் மிச்சமில்லை. சேற்றுப் பள்ளங்களில் டேங்க் கிளீனர்கள் அடுக்கி வைத்தது போலக் கிடந்தன. கூழைக்கடா ஒன்று தொண்டையில் அந்த மீன் குறுக்காக மாட்டிச் செத்துக் கிடந்ததைத் தம்பி போனில் படம் எடுத்து வந்து காட்டினான். அண்ணாச்சியின் ஆட்களும் அவனும் சேர்ந்து சாக்குச் சாக்காக அள்ளிக் குழி வெட்டிப் புதைத்தார்கள். கரையின் பொத்தல்களை மண் வைத்து அடைத்தார்கள். எல்லாவற்றையும் அள்ளிவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. குத்தகை முடிந்ததும் தம்பி மறுபடி ஏலத்துக்குப் போகவில்லை. வேறு யாரும் போகவில்லை.

பிறகு ஒரு ஒப்பந்தக்காரர் அமலை அள்ள மிதக்கும் இயந்திரம் கொண்டுவந்தார். ஓட்ட ஆள் தேடியபோது, லாரி ஓட்டியவன், குளம் தெரிந்தவன் என்று அண்ணாச்சி இவன் பெயரைச் சொல்லியிருக்கிறார். இப்போது அதுதான் அவன் வேலை. எங்கள் குளத்தை முடித்து, ஆற்றோடு மேற்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். முடித்த குளத்தில் அடுத்த மழைக்குத் திரும்பவும் முளைக்கிறது. விதை சேற்றுக்குள் வருஷக்கணக்காகக் கிடக்குமாம். "இது தீருத வேலை இல்ல லாத்தா," என்பான். முதுகுக்கு ஒரு பெல்ட் கட்டிக்கொள்கிறான். சம்பளம் ஒழுங்காக வருகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு குளத்தில் வேலை என்று, சாப்பாடு எடுத்துக்கொண்டு அவன் பெண்டாட்டியும் நானும் போனோம். அவன் சாப்பிட்டு முடித்ததும், ஒரு சுற்று வருகிறாயா என்று அவளிடம் கேட்டான். வரமாட்டாள் என்று நினைத்தேன். புர்காவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். கம்பியைப் பிடித்தபடி அவன் பக்கத்தில் நின்றாள். இயந்திரம் செடியை அள்ளி அள்ளிப் பின்னால் போட, அவர்கள் போன வழியில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. நடுக்குளத்தில் அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தது கரைவரை கேட்டது.

இறங்கி வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவள் புர்காவின் ஓரத்தில் வேரோடு ஒரு சிறு செடி ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து எங்கே போடுவது என்று பார்த்தாள். ரோட்டோரம் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காலியான சாப்பாட்டுப் பாத்திரத்தில் போட்டு மூடி, வீட்டுக்குக் கொண்டுவந்து, மொட்டை மாடியில் வெயிலில் காயப் போட்டாள்.